வெட்டிய வசனங்களும் ஐந்து பிஸ்கட் டின்களும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அறிவுரை தரமாட்டேன். என் சொந்தப் பிள்ளைகளே அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் பெருமையடிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுகிற ஆளும் இல்லை நான். ஆகவே நாங்கள் வென்ற கதை ஒன்றைச் சொல்கிறேன். வெல்வதற்கு முன் நான் எவ்வளவு பெரிய மடைச்சியாக இருந்தேன் என்பதும் அதில் வரும். அந்த இடத்தில் சிரித்துவிட்டு எழும்பிப் போகாமல் கடைசிவரை வாருங்கள்.

நீங்கள் இன்று செய்கிற வேலையைத்தான் நாங்களும் செய்தோம். மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சுருக்கம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வசனங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றில் எது பின்னணி, எது நோக்கம், எது முறை, எது பெறுபேறு, எது முடிவுரை என்று கொம்பியூட்டர் தானாகவே பிரித்துக் காட்டவேண்டும். அவசரத்தில் இருக்கும் டொக்டர் பெறுபேற்றை மட்டும் பார்த்துவிட்டு நோயாளியிடம் ஓடலாம். கொம்பியூட்டருக்கு இதைப் பழக்குவதற்கு, முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான வசனங்களை வாசித்து, இது இன்னது என்று அடையாளமிட்டுக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்த வேலையை எங்களுக்குப் பரீட்சார்த்தமாகத் தந்திருந்தது. அவர்கள் வைக்கும் சோதனையில் தேறினால் இரண்டு வருட ஒப்பந்தம். தேறாவிட்டால் அலுவலகத்தை மூடவேண்டியதுதான் என்று எங்கள் மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அலுவலகம் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு டிஸ்பென்சரிக்கு மேல்மாடி. ரயில் போகும்போது மேசைகள் எல்லாம் நடுங்கும். நாங்கள் ஏழு பேர். அதற்கு முன் ஒரு மருத்துவ நூலகத்தில் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்த நான், அடையாளமிடுபவர்களுக்குப் பொறுப்பு. புரோகிராம் எழுதியவன் நிமலன். கிளிநொச்சியில் பிறந்து, கொழும்பில் படித்து, ஹெந்தளையில் வாடகை அறையில் இருந்தவன். அடையாளமிடுபவர்களில் பெரிய கெட்டிக்காரி பரீதா. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், மருந்துக்கடையில் பல வருடம் நின்றவள். எந்த மருந்தின் பெயரைச் சொன்னாலும் அது என்ன நிறப் பெட்டியில் வரும் என்று சொல்லுவாள்.

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம். வழி நெடுகச் சென்றி என்கிற சோதனைச் சாவடிகள், பிறந்த இடம் வடக்கு என்றால் சந்தேகம். பஸ்ஸை விட்டு இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டு, ஏறு. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் பத்தரைக்கு வருவார்கள். இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேரவேண்டும் என்று நாலு மணிக்கே விட்டுவிடுவேன். மிச்சமிருக்கும் ஐந்தரை மணித்தியாலத்தில் சாப்பாடும் உண்டு, தேநீரும் உண்டு, யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள் என்ற கதையும் உண்டு.

அந்த அவசரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. சுருக்கங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில்தானே வருகின்றன, முதல் இரண்டு வசனமும் பின்னணி, கடைசி வசனம் முடிவுரை, அவற்றில் கண்ணை மினக்கெடுத்த வேண்டாம், பார்த்த உடனே போட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் வாசியுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னேன். வேலை பறந்தது. ஒரே சுருக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடையாளமிடுவது எங்கள் வழக்கம். இரண்டு பேரும் ஒத்துப்போனால் சரி என்று எடுத்துக்கொள்வோம். அப்படி ஒத்துப்போனார்கள், பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைக்கும் அளவுக்கு. நிமலனின் புரோகிராமும் நாங்கள் போட்டதை அப்படியே திருப்பிச் சொன்னது. மேலாளர் எல்லாருக்கும் பற்றிஸ் வாங்கித் தந்தார். இரண்டாவது பற்றிஸையும் நான்தான் சாப்பிட்டேன்.

சோதனைக்கு ஆறு நாள் இருக்கும்போது, புரோகிராம் பிரித்துத் தந்த சுருக்கங்கள் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு கீழே டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் என்னைவிட வயதில் இளையவர், வாயில் மட்டும் பச்சைமிளகாய். அவரிடம் காட்டி ஒரு பாராட்டு வாங்கலாம் என்ற ஆசை. நோயாளிகளுக்கு இடையில் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாலாவதில் பேனையை வைத்துத் தட்டினார்.

அந்தச் சுருக்கத்தின் முதல் வசனம் இதுதான்: இந்த மருந்தை எடுத்தவர்களில் பலருக்குக் குடலில் இரத்தக்கசிவு காணப்பட்டது. எழுதியவர் எடுத்த எடுப்பிலேயே பெறுபேற்றைச் சொல்லியிருந்தார். எங்கள் புரோகிராம் அதைப் பின்னணிக்குள் தள்ளியிருந்தது.

“நான் பெறுபேறை மட்டும் பாத்து இந்த மருந்தை எழுதிக் குடுக்கிறன் எண்டு வையுங்கோ,” என்றார் டொக்டர். “அந்த ஆளுக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? நீங்களோ, உங்கட மெஷினோ?”

மேலே ஏறி வந்து நிமலன்மேல் பாய்ந்தேன். அவன் நாங்கள் கையால் அடையாளமிட்ட பழைய சுருக்கங்களைத் திறந்தான். இப்படித் தலைகீழாக எழுதப்பட்டவை அவற்றிலும் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வசனம் பின்னணி. இரண்டு பேர் அடையாளமிட்டதிலும் பின்னணி. என் கைப்பட நான் போட்டவற்றிலும் பின்னணி.

“அக்கா, புரோகிராமில பிழை இல்ல,” என்றான். “நாங்கள் குடுத்ததைத்தான் அது திருப்பித் தருது. வசனத்தை வாசிக்கவே இல்ல. எந்த இடத்தில நிக்குது எண்டு மட்டும் பாத்திட்டு முடிவெடுக்குது. சென்றியில என்ர ஐடென்டிட்டி கார்டைப் பாக்கிற மாதிரி. பிறந்த இடத்துக்கு மேல ஒருத்தரும் வாசிக்கிறேல்ல.”

அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவனுக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னான். ஆனால் எனக்கு முகத்தில் அறைந்தது போலத்தான் இருந்தது. தினமும் அந்த வரிசையில் நிற்கிற நானே, அந்தப் புத்தியைக் கொம்பியூட்டருக்கும் பழக்கி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலை நான் பிரிக்கவே இல்லை.

மேலாளர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். ஏழு குடும்பம் இதை நம்பி இருக்கிறது என்றார். பெரும்பாலான சுருக்கங்கள் ஒழுங்காகத்தான் எழுதப்படுகின்றன, சோதனைக்கு வருபவையும் அப்படித்தான் இருக்கும், இப்படியே தேறிவிடுவோம், ஒப்பந்தம் கைக்கு வந்தபின் சத்தமில்லாமல் திருத்தலாம் என்றார். அவர் சொன்னது நடந்திருக்கக்கூடும் என்பதை நீங்கள் மறக்கவேண்டாம். பிழையை மறைத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற நிலை என்றால் உண்மை பேசுவது பெரிய காரியமே இல்லை. மறைத்தால் வெல்லக்கூடிய நிலையில்தான் ஆளின் குணம் தெரியவரும்.

“சேர், இதை நம்பி ஆரோ ஒரு டொக்டர் மருந்து எழுதப் போறார்,” என்றேன். “தெரிஞ்சுகொண்டு அனுப்ப என்னால ஏலாது. பிழை விட்டது நான். கடிதத்தில என்ர பேரைப் போடுங்கோ.”

போட்டார். எங்கள் அடையாளமிடலில் குறை இருக்கிறது, இன்னார் சொன்ன விதிதான் காரணம், மறுபடி செய்ய அவகாசம் வேண்டும் என்று கடிதம் போனது. மேலதிகமாக ஒரு கிழமை தருகிறோம், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்று பதில் வந்தது.

பழையதைத் தூக்கி எறிந்தோம். அந்த நாட்களுக்குள் முடிக்கக்கூடிய அளவு சுருக்கங்களை எடுத்து மறுபடி வாசிக்கத் தொடங்கினால், பழகிய கண் முதல் வசனத்தைக் கண்டதும் தானாகத் தாண்டி ஓடுகிறது. எத்தனை தரம் சொன்னாலும் ஓடுகிறது, சொல்லுகிற என் கண் உட்பட. பரீதாதான் வழி கண்டுபிடித்தாள்.

“அக்கா, இது எத்தனையாவது வசனம் எண்டு தெரியாட்டித்தான் நாங்க வாசிப்போம்,” என்றாள். “பிரின்ட் எடுத்து வெட்டிப் போடுங்க.”

வசனம் வசனமாக வெட்டினோம். எந்தச் சுருக்கம், எத்தனையாவது வசனம் என்ற இலக்கத்தை மட்டும் ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் எழுதினோம். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கலந்தோம். பரீதா தன் ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டு ஐந்து பெரிய பிஸ்கட் டின்கள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு டின்னிலும் ஒரு பெயர் ஒட்டினோம். ஒருவர் துண்டை வாசித்து டின்னில் போடுவார், இன்னொருவர் டின்னைக் கொட்டிச் சரிபார்ப்பார். ஃபேன் போட்டால் துண்டுகள் பறக்கும் என்பதால் ஃபேன் இல்லை. கடற்காற்று வரும் யன்னலையும் சாத்தியாயிற்று. வியர்வை சொட்டச் சொட்ட, கத்தரிக்கோலும் கையுமாக, தையற்கடைக்காரர்கள்போல இருந்தோம்.

முதல் நாளே சண்டை தொடங்கியது. இது முறை என்கிறாள் ஒருத்தி, உனக்குக் கண் தெரியாதா, இது பெறுபேறு என்கிறாள் மற்றவள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சண்டை பிடிக்கிறார்கள் என்றால் வாசிக்கிறார்கள். முன்பு அவ்வளவு அழகாக ஒத்துப்போனபோது ஒருவரும் வாசிக்கவில்லை.

கடைசிக் கிழமையின் நடுவில், நிரம்பிய டின்களை நிமலன் ஹெந்தளைக்கு எடுத்துப்போனான். நாலு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுகிறோம், அறையில் இருக்கும் கொம்பியூட்டரில் இலக்கங்களை ஏற்றிவிடுகிறேன் என்றான். நான் சரி என்றேன். இது என் இரண்டாவது மடத்தனம். கிளிநொச்சி என்று அட்டையில் எழுதியிருக்கும் ஒருவன், ஐந்து டின் நிறைய வெட்டிய கடதாசித் துண்டுகளோடு கொழும்பைக் கடந்து போகிறான். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இரகசிய இலக்கம்போல ஒன்று. மேலாளரும் பார்த்தார், பரீதாவும் பார்த்தாள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாளைக்கு வெட்டவேண்டியதை அடுக்கிவைக்க மேலாளரும் பரீதாவும் நானும் அன்று பிந்தி நின்றோம். ஐந்து மணிக்கு முன்பே நிமலனின் போன் வந்தது. பஸ்ஸால் இறக்கி, சாவடியை அடுத்திருந்த பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கடமை மாறுகிறதாம். அதற்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். மேலிடம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படிப் போன என் மச்சானின் மகன் திரும்பி வர ஒன்றரை வருடம் எடுத்தது.

மேலாளர் சட்டத்தரணி ஒருவரைப் போனில் தேடத் தொடங்கினார். பரீதாவும் நானும் ஒரு த்ரீவீலில் ஏறினோம். என் அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்தான். பரீதா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பேசாமல் இருங்கள், சிங்களத்தில் நான் பேசுகிறேன் என்றாள்.

சார்ஜன்டின் மேசையில் ஐந்து டின்களும் கொட்டப்பட்டிருந்தன. நிமலன் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தான். அடிக்கவில்லை என்று கண்ணால் சொன்னான். சார்ஜன்ட் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, “மே மொனவத?” இதெல்லாம் என்ன என்று கேட்டார். உயர்தரம்வரை விஞ்ஞானம் படித்தவராம், ஆங்கிலம் ஓரளவு தெரியும். அதனால்தான் வினை. தெரியாதவர் என்றால் குப்பை என்று விட்டிருப்பார். அவர் கையில் இருந்த துண்டில், இரண்டாம் வாரத்தில் தாக்குதல் மீண்டும் நிகழ்ந்தது என்று இருந்தது.

மாத்தயா, அதாவது ஐயா, ஐயா என்று பரீதா பணிவாக, ஆனால் குரல் நடுங்காமல் எல்லாவற்றையும் விளக்கினாள். இது மாரடைப்பைப் பற்றிய ஆராய்ச்சி, ஆங்கிலத்தில் அதற்கும் ‘அட்டாக்’ என்ற இதே சொல்தான் என்றாள். சார்ஜன்ட் துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இதில் இதயம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். இதயம் முந்திய வசனத்தில் இருந்தது. அதை வெட்டிப் பிரித்தவர்கள் நாங்கள்தான். இடத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒரேயடியாகத் துண்டுபோட்டதில், அந்த வசனத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து வசனத்தையும் இல்லாமல் செய்திருந்தோம். அந்தக் கணத்தில் இந்த ஞானமெல்லாம் எனக்கு வரவில்லை. சுவரில் மணிக்கூடு ஐந்தரையைத் தாண்டியிருந்தது மட்டும் தெரிந்தது.

பேசாமல் இரு என்று சொன்னதை மறந்து, எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் நான் வாய் திறந்தேன். “மாத்தயா, பின்னால இலக்கம் இருக்கு. இதுக்கு முந்தின துண்டும் இந்த மேசையிலதான் கிடக்கு. எடுத்துத் தாறன்.”

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பிப்போய் ஃபேனை நிறுத்தினார்.

நிமலனையும் மேசைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் புரட்டினோம். என் கண்ணுக்கு எல்லா இலக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பரீதா ஒரு துண்டை எடுத்துச் சார்ஜன்டின் முன் வைத்தாள். மாரடைப்பு வந்த நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தோம் என்றது அது. அவர் இரண்டையும் சேர்த்து வைத்து வாசித்தார். இதற்கு அடுத்தது எங்கே என்றார். தேடிக் கொடுத்தோம். அதற்கு அடுத்தது? அதையும் கொடுத்தோம். ஒரு முழுச் சுருக்கத்தை மேசையில் அடுக்கி, விரலை வைத்து மெதுவாகக் கடைசிவரை வாசித்தார். பிறகு ஒரு வாக்குமூலம் எழுதினார், நான் தமிழில் கையெழுத்து வைத்தேன், டின்களையும் எடுத்துக்கொண்டு நிமலனைப் போகச் சொன்னார். வெளியே வந்து பெட்டிக்கடையில் மூன்று நெக்டோ வாங்கிக் குடித்தோம். பரீதா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், நானும்தான்.

அடுத்த நாள் காலை நிமலன் எனக்கு முன்பே வந்து இருந்தான். முகம் தூங்காத முகம், ஆனால் பிரகாசம்.

“அந்தச் சார்ஜன்ட் கேட்டது சரியான கேள்வி அக்கா. முன் வசனம் என்ன, அடுத்தது என்ன? எங்கட புரோகிராமும் அதைத்தான் கேக்கோணும்.”

எத்தனையாவது வசனம் என்ற கணக்கைப் புரோகிராமில் இருந்து தூக்கினான். முதலில் வசனத்தின் சொற்கள், அதன்பின் அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் வசனங்கள் என்று மாற்றி எழுதினான். பொலிஸ் மேசையில் கலந்துபோன துண்டுகளை எல்லாரும் மறுபடி வாசித்து டின்களில் போட்டோம். அவற்றை இலக்கப்படி எண்ணியபோது ஒன்றே ஒன்று குறைந்தது. வேறெதுவும் அல்ல, அந்த இரத்தக்கசிவு வசனம்தான். எனக்கு அது மனப்பாடம் என்பதால் புதிய துண்டில் எழுதிச் சேர்த்தேன்.

சோதனை நாள் வந்தது. அவர்கள் அனுப்பிய சுருக்கங்களில் தலைகீழாக எழுதப்பட்டவையும் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்தன. எங்கள் கடிதத்தைப் பார்த்தபின் சேர்த்தார்களாம். பழைய புரோகிராம் என்றால் அங்கேயே கவிழ்ந்திருக்கும். புதியது கவிழவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தேறிவிட்டீர்கள், ஒப்பந்தம் அனுப்புகிறோம். அதோடு இன்னொரு வரி. எங்கள் டொக்டர்மாரும் உங்கள் புரோகிராமும் மாறுபட்ட இடங்களைத் திரும்பப் பார்த்தோம், சில இடங்களில் உங்கள் புரோகிராம் சொன்னதே சரி. மேலாளர் அந்த வரியைச் சத்தமாக மூன்று தரம் வாசித்தார். நான் கீழே போய் டொக்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிடமுன் எழும்பி நின்று கைகொடுத்தார். ஏழு பேரும் வேலையில் இருந்தோம், பிறகு ஏழு பேர் பதினைந்து பேரானோம். அன்று சாப்பிட்ட பற்றிஸின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அது உழைத்துச் சாப்பிட்டது.

சில கிழமை கழித்து, அதே சாவடியில் நிமலனைப் பஸ்ஸால் இறக்கியிருக்கிறார்கள். அதே சார்ஜன்ட். சட்டைப்பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாராம். மேசைக்கு அடியில் கிடந்ததாம். இந்த மருந்தை எடுத்தவர்களில் பலருக்குக் குடலில் இரத்தக்கசிவு காணப்பட்டது. எங்கள் இலக்கத்துக்குக் கீழே பென்சிலால் சிங்களத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். பெறுபேறு. எந்த மருந்து?

தன் அம்மாவும் இரத்தம் சம்பந்தமான மருந்து ஒன்று குடிக்கிறார் என்றாராம். மருந்தின் பெயர் அடுத்த வசனத்தில்தான் இருந்தது, நிமலனுக்கு அது தெரியும், சொன்னான். அம்மாவுக்கு அது இல்லை என்று சார்ஜன்ட் பெருமூச்சு விட்டாராம். பிறகு, வழக்கம்போல, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாராம். அதனால் அவரைப் பற்றி நான் பெரிய கதை எதுவும் சொல்லப் போவதில்லை. நிமலனை அதற்குப் பிறகும் பலமுறை இறக்கினார்கள்.

அந்தத் துண்டு இந்தக் கடிதத்தோடு வருகிறது, உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் வரியில் அவர் வசனத்தை வாசித்திருக்கிறார், இரண்டாவதில் பக்கத்து வசனத்தைக் கேட்டிருக்கிறார். எத்தனையோ பேர் அடையாளமிட்டதை நான் சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து. இதில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.